ஊட்டி மலைப்பாதையில் கிளட்ச் பெடல் திடீரென தரையோடு போனால்? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கிளட்ச் லைன் கசிவைச் சரிசெய்வது எப்படி?

குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதை. பர்லியார் வர இன்னும் சில வளைவுகள் இருக்கின்றன. முன்னால் போன பஸ் நின்றுவிடுகிறது. கிளட்சை மிதித்தால் பெடல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல தரை வரைக்கும் போகிறது. காலை எடுத்தால் மேலே வரவில்லை. கியரை மாற்றப் பார்த்தால் 'கரகர'வென்று சத்தம்.

பழைய கார் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் தோன்றுவது ஒன்றுதான்: "கிளட்ச் போச்சு. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும்."

பெரும்பாலும் அப்படி இருக்காது. கிளட்ச் பிளேட் நல்லபடியாகவே இருக்கும். பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய குழாயிலோ, கையளவு நீளமுள்ள ரப்பர் ஹோஸிலோ, சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர் சீலிலோ கசிவு இருக்கும். செலவு என்று பார்த்தால் சின்ன வேலை. ஆனால் கசியும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காமல், "கொஞ்சம் ஆயில் ஊத்திக்கிட்டா ஓடிடும்" என்று மலை இறங்கினால் அது ஆபத்தில் முடியலாம்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு, அதன் தம்பி ஸ்பிட்ஃபயர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். இதற்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு அறிமுகமானது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த கார் அது. 1961-ல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதையே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை வண்டலூர் பக்கம் இருந்தது. மறுவருடம், 1962-ல், இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, மேலே இரண்டு சீட் திறந்த பாடியை வைத்தார்கள். அதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை தயாரிப்பில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார்.

அதாவது ஒரு காலத்தில் தாத்தாவின் வீட்டு வாசலில் நின்ற ஹெரால்டும், இன்று வெளிநாட்டுப் படங்களில் வரும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிளட்ச் விஷயத்திலும் அப்படியே. இரண்டிலும் பெடலை மிதித்தால் கேபிளோ கம்பியோ இழுக்காது. ஆயில்தான் வேலை செய்யும். அதே காலத்து எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே ஏற்பாடுதான்.

மலைக்கு ஹெரால்டு பொருத்தமான வண்டி என்று பழைய ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் அது முழுதாகத் திரும்பிவிடும். ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இந்த ஒரு குணமே பெரிய விஷயம். ரிப்பேர் பார்ப்பவருக்கும் ஒரு வசதி உண்டு: பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

பெடலுக்கு நேர் மேலே, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு சின்ன ஆயில் டப்பா. அதன் அடியில் மாஸ்டர் சிலிண்டர். மெக்கானிக்குகளிடம் 'மேல் சிலிண்டர்' என்றாலும் புரியும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இன்னொரு சிலிண்டர். அது ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கீழ் சிலிண்டர். இரண்டையும் இணைப்பது ஒரு உலோகக் குழாய். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓடும்போது ஆடும் என்பதால், கடைசித் துண்டு மட்டும் வளையக்கூடிய ரப்பர் ஹோஸாக இருக்கும்.

பெடலை மிதித்தால் மேல் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் தள்ளிய அளவு அப்படியே கீழே போய், கீழ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அது கிளட்சை விலக்கும். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு பேச்சுக்கு, மேல் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு நகரும் ஆயில் மொத்தமே 6 மில்லி. ஒரு டீஸ்பூனை விடச் சற்றுதான் அதிகம். அதில் 1 மில்லி வெளியே கசிந்தாலோ, அந்த இடத்தில் காற்று புகுந்தாலோ, மிதியின் ஆறில் ஒரு பங்கு வீண். காற்று சுருங்கும், ஆயில் சுருங்காது. மிதியெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய், கிளட்ச் பாதிதான் விலகும். கியர் கரகரப்பது அதனால்தான்.

ஹெரால்டிலும் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரிலும் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. எனவே கிளட்ச் கொஞ்சம் ஒட்டினாலும் ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும்தான் முதலில் முரண்டு பிடிக்கும். "ரிவர்ஸ் மட்டும் சத்தம் போடுது, மத்ததெல்லாம் ஓகே" என்று ஒருவர் சொன்னால், கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஆயில் டப்பாவைத் திறந்து பார்ப்பது நல்லது.

நீலகிரியில் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

இந்த சிஸ்டத்தில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான். பெயர்தான் ஆயில், சமையல் எண்ணெய், எஞ்சின் ஆயில் வகையைச் சேர்ந்தது அல்ல. கிளைக்கால் வகை வேதிப்பொருள் அது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. நடுவில் பனியும் மூடுபனியும். ஈரத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊர்.

இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. எஸ்டேட் பங்களா ஷெட்டில் நிற்கும் பழைய கார் தினமும் ஓடுவதில்லை. சீசனுக்கு வெளியே எடுப்பார்கள், பிறகு மூடி வைப்பார்கள். ஆயில் உறிஞ்சிய தண்ணீர் குழாயின் தாழ்வான இடத்திலும் கீழ் சிலிண்டரிலும் போய்ச் சேர்ந்து துருவை உண்டாக்கும். சிலிண்டரின் உள்சுவரில் ஊசிமுனை அளவு குழிகள் விழும். ரப்பர் சீல் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, திடீரென நகரும்போது அந்தக் குழியில் உரசிக் கிழியும். நன்றாக நின்றிருந்த கார் வெளியே எடுத்த முதல் நாளே கசிவது இதனால்தான்.

மலை ஓட்டமும் கிளட்சைச் சும்மா விடாது. சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏற சாலை எடுத்துக்கொள்வது 50 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். சமவெளியில் அதே தூரத்துக்கு எத்தனை முறை கிளட்ச் மிதிப்போம், இங்கே எத்தனை முறை மிதிப்போம் என்பது மே மாத நெரிசலில் ஏறியவர்களுக்குத் தெரியும்.

நடுவழியில் நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

கிளட்ச் லைனில் ஆயில் போய்விட்டால், கிளட்ச் ஒட்டிய நிலையிலேயே இருக்கும். எஞ்சினும் சக்கரமும் இணைந்தே இருக்கும். இறக்கத்தில் இது ஒரு வகையில் நல்லது. செகண்ட் கியரில் இறங்கிக்கொண்டிருந்தால், எஞ்சின் தொடர்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டே வரும்.

எனவே செய்யக்கூடாத காரியம் ஒன்று: கியரை நியூட்ரலுக்கு எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் திரும்பப் போட முடியாமல் போகலாம். அப்புறம் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மலையில் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் "முதல், இரண்டாம் கியரில் இறங்கவும்" என்று வழியெங்கும் போர்டு வைத்திருக்கிறார்கள்.

இருக்கும் கியரிலேயே வேகத்தைக் குறைத்து, ஓரம் கிடைக்கும் இடத்தில் பிரேக் பிடித்து நிறுத்துங்கள். நிற்கும் நேரத்தில் எஞ்சின் உதறி ஆஃப் ஆகும், ஆகட்டும். அல்லது நிற்கப் போகும் கணத்தில் சாவியை ஆஃப் பண்ணலாம். ஸ்டியரிங் லாக் விழும் நிலைக்கு மட்டும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஹெரால்டு போன்ற பழைய கார்களில் பிரேக்குக்கு வாக்குவம் பூஸ்டர் இல்லை என்பதால், எஞ்சின் நின்றாலும் பிரேக் மிதி மாறாது. இன்றைய கார்களில் அப்படி இல்லை. எஞ்சின் நின்றபின் சில மிதிகளிலேயே பெடல் கல்லாகிவிடும். எனவே அதில் ஒரே மிதியாகப் பிடித்து நிறுத்த வேண்டும்.

நின்றதும் ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்கு அண்டைக்கல். மூன்றும் வேண்டும். வளைவில் நிற்க நேர்ந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியும்படி ஒருவர் தள்ளிப்போய் நின்று கை காட்டட்டும்.

பெடலை வேகமாகப் பத்துப் பதினைந்து தரம் பம்ப் அடித்தால் சில சமயம் கொஞ்சம் அழுத்தம் திரும்பி வரும். அதை வைத்து வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தலாம். அவ்வளவுதான். "கிளட்ச் இல்லாமலே கியர் போடுவேன்" என்று காட்டும் வித்தையெல்லாம் சமவெளியில் காலி ரோட்டுக்கு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது விதி; அதற்காக நடுவில் நின்று திரும்பக் கிளம்ப வேண்டியிருக்கும். கிளட்ச் இல்லாத வண்டியால் அதைச் செய்ய முடியாது. டோ பண்ணுவதே சரி.

கசிவு எங்கே? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் கார் நின்ற இடத்தில் ஏதாவது ஒரு திரவம் சொட்டியிருப்பது சகஜம். அது எந்தத் திரவம்?

ஒரு டம்ளர் தண்ணீரில் அந்தச் சொட்டை விடுங்கள். மேலே படலமாக மிதந்தால் எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ. தண்ணீரோடு கரைந்து காணாமல் போனால் பிரேக் ஆயில். பச்சையாகவோ நீலமாகவோ நிறம் காட்டிக் கரைந்தால் கூலன்ட் ஆக இருக்கலாம். டம்ளரைத் திரும்பச் சமையலறைக்கு அனுப்ப வேண்டாம், கிளைக்கால் விஷம். வீட்டு நாய் நக்கும் இடத்திலும் அதை விடக்கூடாது.

பிரேக் ஆயில் என்று உறுதியானால் அடுத்தது இடம். மேல் சிலிண்டரின் பின் சீல் போனால், எஞ்சின் அறையில் ஒன்றுமே தெரியாது. ஆயில் பெடல் கம்பி வழியாக காருக்குள் இறங்கும். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் பிசுபிசுக்கும், பெடலுக்கு மேலே பெயின்ட் தோல் உரிந்து சுருண்டிருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால், உரிந்த பெயின்ட்டே கசிவு இருந்த வழியைக் காட்டிக்கொடுக்கும்.

கீழ் சிலிண்டர் என்றால் அதன் ரப்பர் தொப்பி நனைந்திருக்கும். தொப்பியின் ஓரத்தை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் சீல் முடிந்தது.

குழாய், ஹோஸ் கசிவுதான் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை கேட்கும். லைன் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவைத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் கவனிக்க வேண்டும். நட்டு பொருந்தும் இடம், குழாயைப் பாடியோடு பிடிக்கும் கிளிப்பின் அடி, பக்கத்தில் எதையாவது உரசும் வளைவு, இந்த மூன்றும்தான் சந்தேகத்துக்குரிய இடங்கள். கிளிப்பின் அடியில் ஈரம் தங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய் அங்கே மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவதே நல்லது. மிதிக்கும்போது ஹோஸ் பலூன் மாதிரி உப்பினாலும் அப்படியே.

ஒரு துளி கூட வெளியே இல்லை, டப்பாவில் ஆயில் குறையவும் இல்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? அது மேல் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டித் திரும்பிப் போவது. லைனில் தேடிப் பயனில்லை.

பழைய ஹோஸ் இன்னொரு விளையாட்டும் காட்டும். உட்புற ரப்பர் உரிந்து அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. கிளட்ச் பாதி விலகியபடியே நின்று, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும். வண்டி நகராது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கிய பிறகு உண்மை தெரிந்தால் வயிறு எரியும். ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸை எடுப்பது காரின் உள்ளே இருந்து, சீட்டுகளையும் நடு டனலையும் கழற்றி. ஒரு ஹோஸுக்காகச் செய்கிற வேலையா அது?

குழாயை மாற்றுவது: தப்பு நடக்கும் இடங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். நீலகிரியில் அப்படி ஒரு இடம் கிடைப்பதே பாதி வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பெயின்ட் மேல் பழைய துணி போடுங்கள், பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும். ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெயின்ட் தப்பிக்கும்.

அறுபது வருட நட்டைச் சாதாரண ஸ்பேனர் போட்டுத் திருகினால் மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். குழாய் நட்டைச் சுற்றி ஐந்து பக்கம் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் குழாயைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

புதுக் குழாய்க்கு என்ன உலோகம்? ஃபிரிட்ஜ், ஏ.சி. கடைகளில் கிடைக்கும் செம்புக் குழாய் வளைக்க எளிது, கையில் சட்டென்று கிடைக்கும். ஆனால் எஞ்சின் அதிர்வில் வெறும் செம்பு நாளாக ஆக இறுகி, வெடிப்பு விடும். வாகன லைனுக்கென்றே வரும் செம்பு-நிக்கல் கலவைக் குழாயை வாங்க வேண்டும். துருப்பிடிக்காது, வளைக்கவும் வரும். இந்த ஊர் ஈரத்துக்கு இரும்புக் குழாயை விட அதுவே மேல்.

குழாயைக் கட்டர் வைத்து நேராக வெட்டி, உள்முனையில் பிசிறு எடுத்து, முனையை ஃப்ளேர் டூல் வைத்து விரிக்க வேண்டும். விரிப்பதற்கு முன்பு நட்டை உள்ளே நுழைத்துவிட்டீர்களா? எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒரு தடவையாவது இதை மறந்து, அழகாக ஃப்ளேர் பண்ணிவிட்டு, கையில் நட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காத மெக்கானிக் கிடையாது.

ஃப்ளேரில் வகை உண்டு. முனை குமிழ் போல உருண்டிருப்பது ஒன்று, புனல் போல விரிந்து மடிந்திருப்பது இன்னொன்று. பழைய முனையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதே வகையைப் போட வேண்டும். மாற்றிப் போட்டு இறுக்கினால் அப்போதைக்கு நிற்கும், மலையில் கசியும்.

பெரிய பொறி திருகு மரையில் இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் இந்த நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு: 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இன்று கடையில் கிடைப்பது மெட்ரிக்: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை. 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மெட்ரிக் நட்டைப் பழைய சிலிண்டரில் திருகினால் ஓரிரண்டு சுற்று போய் இறுகும். "சரியா உக்காந்துடுச்சு" என்று தோன்றும். உண்மையில் சிலிண்டரின் மரை பாழாகிக்கொண்டிருக்கும். நட்டு கையாலேயே முழுதாக உள்ளே போக வேண்டும், ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

அந்த இறுக்கத்தில் ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, ஃப்ளேர் முனைதான். ஆகவே மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் பூசுவது, பெட்ரோல் ஹோஸைச் செருகி கிளிப் போடுவது எல்லாம் ஒன்றுக்கும் உதவாது. டேப்பின் துணுக்கு உள்ளே போய் சிலிண்டரை அடைத்தால் வேலை இரட்டிப்பாகும்.

ஹோஸ் விஷயத்தில் மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரிஜினல் ஹோஸ் கிடைக்காவிட்டால், ஜே.சி.பி., டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போகத் தோன்றும். அழுத்தத்தை அது தாராளமாகத் தாங்கும். ஆனால் அதன் உள் ரப்பர் மினரல் ஆயிலுக்காகச் செய்யப்பட்ட நைட்ரைல் வகையாக இருக்கும். பிரேக் ஆயில் பட்டால் அது ஊறிக் கெட்டுவிடும். "பிரேக் ஆயிலுக்கு ஏற்ற இ.பி.டி.எம். ரப்பரா?" என்று கேட்டு வாங்குங்கள். தெரியாது என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் அளவு காட்டித் தேடலாம். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு உதிரிபாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மாட்டும்போது ஹோஸை முதலில் சிலிண்டர் பக்கம் திருகி, புது செம்பு வாஷர் வைத்து இறுக்கிவிட்டு, அப்புறம் குழாய் பக்கம். குழாய் நட்டை இறுக்கும்போது ஹோஸின் அறுகோண முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் முறுக்கிய நிலையில் நின்றால் ஒரே வருடத்தில் வெடிக்கும். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் அது போகவே கூடாது. கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் பிரேக் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம்.

எந்த ஆயில்?

டப்பாவில் டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1 என்று எழுதியிருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தர எண்கள் இவை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு இவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். பிரேக்குக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். கிளட்சுக்குக் கொதிநிலையை விடத் துருதான் பிரச்சினை.

இந்தக் கார்களுக்கு டாட் 4 போதும். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எண்ணைப் பார்த்து 5-ம் 5.1-ம் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பிறகு, பாதி வருடமாகத் திறந்தே கிடந்த டப்பா வேண்டாம். அது ஏற்கெனவே ஊட்டி ஈரத்தைக் குடித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றுவது இருப்பதிலேயே மோசம். சீல்கள் எல்லாம் ஊதிப் பெருத்து, மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் மாற்ற வேண்டி வரும்.

ஏர் எடுப்பது: இரண்டு பேர் வேலை

கீழ் சிலிண்டரில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் கண்ணாடி போலத் தெரியும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிட வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் அடியில்.

"அமுக்கு தம்பி."

"அமுக்கிட்டேண்ணே."

"விடாதே... விடாதே... ம், இப்ப விடு."

'அமுக்கு' என்றதும் நிப்பிள் திறக்கும், காற்றுக் குமிழோடு ஆயில் வரும். பெடல் தரையைத் தொட்டதும் நிப்பிளை மூட வேண்டும். மூடிய பிறகுதான் 'விடு'. மூடுவதற்குள் தம்பி காலை எடுத்துவிட்டால், வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மேலே ஆயில் டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த டப்பா சிறியது; கவனிக்காமல் காலியானால் திரும்பவும் முதலில் இருந்து.

எத்தனை முறை எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கிறதா? நிப்பிள் சிலிண்டரின் மேல் பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்று மேலேதான் போகும். நிப்பிள் கீழே இருக்கும்படி சிலிண்டர் மாட்டியிருந்தால் காற்று வெளியே வர வழியில்லை. குழாய் நடுவில் மேடாக வளைந்திருந்தாலும் அங்கே காற்று தங்கும். அப்போது தலைகீழாகச் செய்யலாம்: பெரிய ஊசிக் குழலில் ஆயில் எடுத்து, கீழே நிப்பிள் வழியாக மெல்ல மேல்நோக்கித் தள்ளினால் காற்று டப்பா வழியாக வெளியேறும். முன்னதாக டப்பாவில் ஆயிலைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் பொங்கி வழிந்து பெயின்ட் போகும்.

எடுத்த பழைய ஆயிலை சாக்கடையிலோ தேயிலைத் தோட்டத்து ஓடையிலோ ஊற்றக் கூடாது. மூடிய பாட்டிலில், எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், கழிவு ஆயில் எடுக்கும் கேரேஜில் கொடுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தம் இல்லாமல் விழ வேண்டும். பிறகு, முன்னால் இடம் விட்டு, ஃபர்ஸ்ட்டில் போட்டு கிளட்சை மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடியுங்கள். வண்டி தானாக நகரப் பார்த்தால் எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஆயில் டப்பாவின் வெளியே மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு ராத்திரி நிறுத்துங்கள். காலையில் அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்திருக்க வேண்டும். மட்டமும் அதே இடத்தில் இருந்தால், முதல் ஓட்டம் ஊருக்குள். கல்லட்டி, குன்னூர் இறக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சட்ட விஷயமும் உண்டு. முதல் பதிவில் இருந்து 50 வருடம் கடந்த கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இப்படிப் பதிவு செய்த காரை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டுக்கு எடுக்கலாம்.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன?

இன்னோவா உட்பட இன்றைய பல வண்டிகளில் இருப்பதும் ஹைட்ராலிக் கிளட்ச்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கிளட்சுக்குத் தனி டப்பா, பிரேக்குக்குத் தனி டப்பா. கிளட்ச் ஆயில் முழுதும் கொட்டினாலும் பிரேக் நிற்கும். இன்றைய பல கார்களில் இரண்டுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாயைச் சற்று மேலே வைத்திருப்பார்கள். கிளட்ச் லைன் கசிந்தாலும் பிரேக்குக்கென்று அடியில் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருக்கட்டும் என்பதற்காக. அதனால் மலைப்பாதையில் பிரேக் ஆயில் விளக்கு எரிந்து, கூடவே கிளட்ச் பெடலும் லேசாகத் தொளதொளத்தால், இரண்டும் ஒரே கசிவாக இருக்கலாம். ஆயில் வாங்கி ஊற்றிவிட்டு இறங்காமல், கியர்பாக்ஸ் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய நேரம் அது. பல புது மாடல்களில் கீழ் சிலிண்டரை கியர்பாக்ஸுக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். அங்கே சீல் போனால் மட்டும், பழைய கார்காரர் பயந்தது நிஜமாகவே நடக்கும்: கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.